கட்டிங் டேபிளில் வெட்டுப்பட்ட கால்வாய்

நான் ஒரு மேடு கட்டியிருக்கிறேன். சேவூருக்கு வடக்கே, சோளத்தட்டு காய்ந்து நிற்கும் ஒரு காட்டின் நடுவில், ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு. ஒரு கூடை மண் சுமக்கவில்லை, ஓர் ஆளைக் கூலிக்கு அழைக்கவில்லை. மைதாப் பசை மட்டும்தான். அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறாது என்று ஒரு மனிதரிடம் இரண்டு மாதம் வாதாடியும் இருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான பத்தாண்டின் பின்பாதி அது. எனக்கு முப்பது வயது. திருப்பூரில் அந்த வயதில் ஒருவன் ஒன்று பனியன் கம்பெனி வைத்திருப்பான், இல்லை பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பான். நான் சிவில் டிப்ளமோ படித்திருந்தேன். அதிலும் நிலஅளவைப் பாடத்தை நான்கு தடவை எழுதினேன். நான்காம் தடவை என் கையெழுத்தைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் தேர்ச்சி போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவனைத்தான் ஒரு பெரிய நீர்த்திட்டத்துக்கு வரைபடம் போடும் வேலைக்கு ஒரு தனியார் அலுவலகம் எடுத்துக்கொண்டது. அவர்கள் நிலைமை என்னவோ.

திட்டம் கேட்க அழகாக இருக்கும். மேற்கே மலையில் மழைக்காலத்தில் வீணாக ஓடுகிற தண்ணீரைத் தேக்குவது. அதை உயரத்திலிருந்து குழாய் வழியாக இறக்கி, இறங்குகிற வேகத்தில் ஒரு சிறிய மின்நிலையத்தை ஓட்டுவது. மின்சாரம் கொடுத்து முடித்த அதே தண்ணீரைக் கால்வாயில் விட்டு, அவிநாசி, சேவூர்ப் பக்கத்து வறண்ட குளங்களை நிரப்புவது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தண்ணீர் மேல் ஆசை. மீதிப் பாதிக்கு மின்சாரத்தின் மேல். அது மின்வெட்டுக் காலம்.

என் வேலை, கால்வாய் போகும் பாதையைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைவது. நிலம் ஏறி இறங்கும் கோணல் கோடு ஒன்று. கால்வாய்க்கு மெல்லச் சரிகிற நேர்க்கோடு ஒன்று. நேர்க்கோட்டுக்குக் கீழே இருக்கிற குளத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். மேலே இருக்கிற குளத்துக்குப் போகாது. அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டர் என் பேப்பரில் ஏறினால் காட்டில் ஒரு மீட்டர் ஏறியதாகக் கணக்கு. பேப்பரில் ஏற்றுவது சுலபம் என்பதுதான் சிக்கல்.

எங்கள் சீனியர் என்ஜினியர் அரசுத் துறையில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தால் கோபம், கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதிகக் கோபம். அந்த நேர்க்கோட்டை அசைக்க விடமாட்டார்.

"கால்வாயை அரை மீட்டர் தூக்கினா தண்ணி விழற உயரம் அரை மீட்டர் குறையும். கரண்ட் குறையும். இந்தக் கோடு இருக்கிற இடத்துலதான் இருக்கும். இதுக்குள்ள வர்ற குளம் வரட்டும், வராத குளம் வராட்டி போகட்டும்" என்பார்.

வராமல் போன குளங்களில் ஒன்று, நான் சொன்ன அந்த மனிதருடைய ஊர்க்குளம்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குளத்தை ஒட்டி அவருக்கும் பங்காளிகள் இரண்டு பேருக்கும் சேர்ந்து பொதுவில் காடு இருந்தது. பங்காளிகள் மனைப்பிரிவு போட வந்த ஆளுக்கு விற்றுவிடலாம் என்று நின்றார்கள். இவர் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பேச்சு முடிவாகியிருந்தது: திட்டத்தின் குளப்பட்டியலில் தங்கள் குளம் வந்தால் காடு இருக்கும். வராவிட்டால் இவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பட்டியல் வெளிவரும் வரைதான் பங்காளிகள் பொறுப்பார்கள்.

அதனால் வாரத்துக்கு ஒரு தடவை டிவிஎஸ் ஐம்பதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் மேசைக்கு எதிரே நின்றபடியே பேசுவார். உட்காரச் சொன்னால், "இருக்கட்டுங்க, நின்னா எச்சுப் பேசமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசுவார்.

"ஏனுங்க சார், மழ பேஞ்சா அக்கட்டால காட்டுத் தண்ணி பூராவும் எங்க கொளத்துக்குத்தானுங்க வருது. நீங்க எங்க கொளம் மேட்டுல இருக்குதுங்கறீங்க. தண்ணி எப்பிடீங்க மேடேறி வரும்?"

"மழைத் தண்ணி வேறங்க, கால்வாய்த் தண்ணி வேறங்க" என்றேன் ஒரு நாள். இதை நான் சொன்னேன் என்பதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் ஈரமாத்தானுங்க இருக்கும்?"

"நடுவுல ஒரு மேடு இருக்குதுங்க. கருவி காட்டுது. கருவி பொய் சொல்லாதுங்க."

"நான் பொறந்ததுலருந்து அங்க மேட்டப் பாத்ததே இல்லீங்களே சார்."

"கண்ணுக்குத் தெரியாதுங்க. ரொம்ப மெதுவா ஏறும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, "மேடுன்னா மேடுதானுங்க. போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிப் போவார். அடுத்த வாரம் திரும்ப வருவார்.

கூட்டம் வியாழக்கிழமை என்று முடிவானது. அன்றைக்குத்தான் பட்டியல் மேலிடத்துக்குப் போகும். சனிக்கிழமை மாலை பார்த்தால், என் வரைபடம் தாளுக்குத் தாள் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட தாள்கள் பதினாறை ஒட்டிய நீளமான படம் அது. அதை முதலில் ஒட்டிய கதையும் சொல்லவேண்டும். எங்கள் அலுவலகம் வேலம்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடி. படத்தை விரிக்க எந்த அறையும் போதவில்லை. கூடத்தில் தொடங்கி, வாசற்படி தாண்டி, அடுத்த அறைக்குள் கட்டிலுக்கு அடியில் வரை தரையில் விரித்து, தவழ்ந்து தவழ்ந்து ஒட்டினேன். முழுப்படத்தையும் ஒரே பார்வையில் நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் நின்றால் மலை தெரியும், கட்டிலுக்கு அடியில் குனிந்தால் சேவூர் தெரியும்.

இந்தத் தடவை ஒழுங்காக, பின்பக்கம் பட்டை கொடுத்து ஒட்டலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு நீளமான மேசை வேண்டும். திருப்பூரில் நீளமான மேசைக்குப் பஞ்சமா? என் மனைவியின் அண்ணன் இரண்டு தெரு தள்ளிப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவருடைய கட்டிங் டேபிள் ஒரு பஸ்ஸை நிறுத்துகிற நீளம்.

"ஞாயித்துக்கெழம சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கங்க மாப்ளே" என்றார் மச்சான். "ஆனா திங்கக்கெழம ஒம்பது மணிக்குள்ள காலி பண்ணீருங்க. சிப்மென்ட் இருக்குது. அதுசரி, கரண்ட் எப்ப வரும் உங்க திட்டத்துல?"

"வரும் மச்சான்."

"இதத்தான் நீங்க என்ர தங்கச்சியப் பொண்ணு கேட்டப்பவும் சொன்னீங்க, நல்ல வேல வரும் வரும்னு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேபிளில் படத்தைக் கவிழ்த்துப் போட்டு, இணைப்புகளின் பின்பக்கம் பட்டை ஒட்டினேன். பசை காயட்டும் என்று கவிழ்த்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலை எட்டரைக்கு வந்து சுருட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு மின்வெட்டு என்று தெரிந்ததால், கட்டிங் மாஸ்டர் ஆறு மணிக்கே வந்துவிட்டார். வந்து பார்த்தால் டேபிளின் நீளத்துக்கு வெள்ளைப் பேப்பர் விரித்துத் தயாராக இருக்கிறது. பனியன் தொழிலில் துணியை அடுக்குவதற்கு முன்னால் டேபிளில் அடிப்பேப்பர் விரிப்பார்கள். வெட்டிய அடுக்கை நகர்த்த வசதியாக இருக்கும். பேப்பர் அளவு சரியாக இருந்தது. அதிலும் யாரோ புண்ணியவான் அங்கங்கே பட்டை ஒட்டி உறுதியாக்கி வைத்திருக்கிறான். மாஸ்டர் மனம் மகிழ்ந்து, அதன் மேல் துணியை அறுபது அடுக்கு விரித்து, மெஷினைப் போட்டு, குழந்தைகளுக்கான டிஷர்ட் வெட்டிவிட்டார்.

நான் எட்டரைக்குப் போனபோது டேபிள் பளிச்சென்று காலியாக இருந்தது.

"பேப்பர் எங்கீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். "எந்தப் பேப்பர்ணே? அடிப்பேப்பரா? யார் விரிச்சதுன்னு தெரியல, ஆனா நல்ல வேலக்காரன். சுருக்கமே இல்ல பாத்துக்கோங்க."

என்னை நல்ல வேலைக்காரன் என்று சொன்ன முதல் மனிதர் அவர். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முடியவில்லை.

கால்வாய் கட்டுக் கட்டாகப் போயிருந்தது. ஒவ்வொரு துணிக் கட்டுக்கு அடியிலும், அதே வடிவத்தில், ஒரு துண்டுப் படம் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம், பின்பக்கம், இடது கை, வலது கை. இரண்டு கட்டு ஏற்கெனவே தையலுக்குப் போய்விட்டது. துண்டுகளுக்கு நடுவில் மிஞ்சிய மலையும் மேடும் எல்லாம் வேஸ்ட் மூட்டைக்குள். வேஸ்ட் வாங்குகிறவர் மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றதைப் பார்த்து, மச்சான் ஓடி வந்தார்.

"என்னுங்க மாப்ளே, என்ன ஆச்சு?"

"மூட்டைக்குள்ள மின்நிலையம் இருக்குதுங்க மச்சான்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்க நின்றார். நல்ல மனிதர். இன்றுவரை இந்தக் கதையை உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் அவர்தான் எல்லோருக்கும் சொல்கிறார், நான் எழுதுவதைவிட நன்றாக.

காட்டில் எடுத்த அளவுகள் எல்லாம் அளவுப் புத்தகத்தில் இருந்தன. ஆனால் முதலிலிருந்து வரைய இரண்டு வாரம் பிடிக்கும். கையில் இருந்தது மூன்று நாள். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, நம்பர் போடும் செக்‌ஷனில் இருந்த அக்கா வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவர், பிள்ளைகளோடு வந்து பல வருஷமாகத் திருப்பூரில் இருப்பவர். கழுத்தில் சின்னச் சிலுவை. வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, எந்த முன்பக்கத்துக்கு எந்தக் கை என்று சேர்த்துக் கட்டுவது அவர் வேலை. ஒரே துணியில் ஒரு மயிரிழை நிறம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"அண்ணாச்சி, எதுக்கு இப்படி இருக்கிய? வெட்டுன பேப்பர் தான? எல்லாத்தயும் இங்க கொண்டாங்க. நாங்க நெதம் சேக்குததுதான?"

மின்சாரம் போனது. தையல் மெஷின்கள் நின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் என் கால்வாயை டேபிளில் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் நிலத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. தாளில் அச்சடித்த கட்டங்களை மட்டும் பார்த்தார்கள். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தால் சரி, ஸ்டிக்கர் ஒட்டு. நான் நாள்கணக்கில் தவழ்ந்ததை அவர்கள் நின்றபடி பாதி நாளில் முடித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அக்கா ஒரு இடது கைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"அண்ணாச்சி, இது சேரல."

"வேற இடத்துத் துண்டா இருக்கும்."

"இல்ல, இடம் இதான். ஆனா கட்டம் இடிக்கி பாருங்க. வெட்டுனது நாங்கதான், அதுக்கு என்ன வேணா சொல்லுங்க. இது எங்க தப்பு இல்ல. ஒரே பீஸுக்குள்ளயே இந்தப் பக்கக் கட்டம் ஒண்ணு, அந்தப் பக்கக் கட்டம் ஒண்ணாப் போவுது. இப்படித் துணி வந்தா நாங்க தைக்க விடமாட்டோம். ரிஜெக்ட்."

வாங்கிப் பார்த்தேன். துண்டின் நடுவில், நான் ஒட்டிய பழைய இணைப்பு ஒன்று. அதற்கு இந்தப் பக்கத் தாளின் கட்டங்கள் வந்து, அந்தப் பக்கத் தாளின் கட்டங்களோடு சேராமல் நின்றன. அந்தப் பக்கத் தாள் ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறி ஒட்டியிருந்தது.

எந்த இணைப்பு என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாவது தாளும் பத்தாவது தாளும். கூடம் முடிந்து வாசற்படி வந்த இடம். படியின் மேல் ஏறி இறங்கிய தாள் ஒரு பக்கமாக நழுவியிருக்கிறது. நான் பசையைத் தடவி அமுக்கியிருக்கிறேன். இணைப்பில் நிலக்கோடு திடீரென்று ஏறுவதைப் பார்த்து, இங்கே ஏதோ வண்டிப்பாதை மேடு போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லி, பென்சிலால் சரிவை நீவி அழகாக்கி, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'மேடு' என்று எழுதியும் வைத்திருக்கிறேன். அதன் பிறகுதான், ஒட்டிய படத்தின் மேல் கால்வாயின் நேர்க்கோட்டை இழுத்தேன். கோடு நேராகப் போனது. அந்தப் பக்கத்து நிலம் முழுக்க ஒன்றரை மீட்டர் ஏறி உட்கார்ந்துகொண்டது. பத்தாவது தாளுக்குப் பிறகு வந்த மற்றக் குளங்கள் நல்ல பள்ளத்தில் இருந்ததால் தப்பித்துக்கொண்டன. ஒன்று மட்டும் கோட்டுக்கு மேலே போனது.

சேவூருக்கு வடக்கே நான் கட்டிய மேடு எங்கள் அலுவலகத்தின் வாசற்படி.

"என்ன அண்ணாச்சி, பேயடிச்ச மாதிரி நிக்கிய?"

"ஒருத்தர்கிட்ட ரெண்டு மாசமாப் பொய் சொல்லிட்டேன்க்கா."

"தெரிஞ்சா சொன்னிய?"

"இல்ல."

"அப்ப போய் உண்மையச் சொல்லுங்க. இதுல நிக்கதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கருவியைத் தூக்கிக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போனேன். புத்தகத்து அளவையும் நம்பலாம்தான். ஆனால் அன்றைக்கு நான் என்னையே நம்புகிற நிலையில் இல்லை. காட்டுக்காரர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். அளவுகோலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும் அரிவாளைப் போட்டுவிட்டு வந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நான் காட்டிய இடத்தில், கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நிமிர்ந்து நின்றார். பத்து இடத்தில் அளந்தேன். மேடு இருக்கவேண்டிய இடத்தில் தரை குளத்தை நோக்கிச் சரிந்து போய்க்கொண்டிருந்தது, அவர் பிறந்ததிலிருந்து போய்க்கொண்டிருந்த மாதிரியே.

"மேடு இல்லீங்க" என்றேன்.

அவர் கோலை விடவில்லை. "எங்க போச்சுங்க?"

நடந்ததைச் சொன்னேன். வாசற்படி, பசை, பென்சில், எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குளத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "அப்ப பட்டியல்ல வந்துருமுங்களா?" என்றார்.

"எங்க என்ஜினியர்கிட்டச் சொல்லணுமுங்க."

"உங்களத் திட்டுவாருங்களா?"

"திட்டுவாருங்க."

"நான் வேணா கூட வரட்டுங்களா?" என்றார். என் தப்பால் காட்டையே இழக்கப் பார்த்த மனிதர், எனக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுகை வந்தால் தனியாக இருப்பதுதான் வசதி.

சீனியர் என்ஜினியரின் மேசையில், ஸ்டிக்கர்களும் டேப்புமாக, பனியன் வடிவங்களால் ஆன என் படத்தை விரித்தேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது என்னய்யா?"

"நம்ம கால்வாய் சார்."

"கை இருக்கு?"

"ரெண்டு இருக்கு சார்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அன்று காலை எடுத்த அளவுப் பக்கத்தையும் வைத்தேன். அவர் பழைய அளவுப் புத்தகத்தை வாங்கி, விரலை ஓட்டி, தானே கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"அப்ப அந்த மேட்டக் கட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"அனுமதி வாங்கினியா?"

"இல்ல சார்."

"இடிச்சிரு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பப் பாத்துட்டு யாருக்கும் தெரியாதுன்னு மறுபடி ஒட்டிருக்கலாம் நீ. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. வந்து சொல்லிட்ட, அது வரைக்கும் சரி. கோடு அசையாது, கரண்ட் குறையாது. குளம் உள்ள வருது. டைப் அடிக்கச் சொல்லு."

பட்டியலில் கடைசி வரியாக அந்தக் குளம் ஏறியது. வியாழக்கிழமை பட்டியல் மட்டும் போனது, நல்ல படத்துக்கு இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொண்டோம்.

தண்ணீர் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அந்த வேலையில் இருந்தவரை வரவில்லை. பட்டியல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மெல்லச் சரிந்துகொண்டிருந்தது, நான் வரைந்த கால்வாயைவிட மெதுவான சரிவில். எனக்குத் தெரிந்து முடிந்த காரியம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காட்டுக்காரர் தன் பங்காளிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். கூடத்தைத் தாண்டி, அடுத்த அறைக்குப் போகும் வாசற்படி அருகே நின்று, குனிந்து, அதை ஒரு தடவை பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல், "இதுதானுங்களா?" என்றார்.

"அதேதானுங்க."

"அப்பிடி ஒண்ணும் ஒசரமாத் தெரியலீங்களே" என்றார்.

மூத்த பங்காளியின் சட்டைப்பையில், நான்காக மடித்த விற்பனை ஒப்பந்தத் தாள் துருத்திக்கொண்டு நின்றது. அவருக்கு டைப் அடித்த பட்டியல் போதவில்லை. "பேரு யாரு வேணா அடிப்பாங்க. படத்துல காட்டச் சொல்லு" என்றார். நல்ல படம் இன்னும் தயாராகவில்லை. வேறு வழியில்லாமல், பனியன் படத்தைத் தரையில் விரித்தேன், கூடத்துக்குள் மட்டும், மூலைக்கு மூலை, குளத்தைத் தாண்டிய தாள்களைச் சுருட்டி வைத்து, படியைத் தொடாமல்.

"எங்க கொளம் எங்கீங்க?"

"இந்த எடது கையிலீங்க."

மூன்று பேரும் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சட்டையின் அளவைப் பார்க்கிற மாதிரி உன்னிப்பாகப் பார்த்தார்கள். மூத்த பங்காளி மலைப்பக்கம் கைவைத்து, கால்வாய்க் கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம், பின்பக்கம், வலது கை. ஒவ்வொரு இணைப்பிலும் நின்று, நகம் இடறுகிறதா என்று பார்த்து, பிறகு நகர்ந்தார். ஒன்பதாவது தாளுக்கும் பத்தாவது தாளுக்கும் நடுவில், அக்கா புதிதாக வெட்டிச் சேர்த்து ஒட்டிக்கொடுத்து, நான் கோட்டைத் திருத்தி இழுத்திருந்த இடத்தில், முன்னும் பின்னுமாக இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நகம் இடறவில்லை. விரல் குளத்தில் போய் நின்றது.

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த தாளை வெளியே தெரியாமல் உள்ளே அமுக்கினார்.

"சரி, வாங்க ஊட்டுக்குப் போலாம்" என்றார்.